இரவல் மூக்கு

"போனது போயிடுச்சு. இனிமே அந்த நோய் என்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போக என்ன மிச்சம் இருக்கு? பூஸ்டர் ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்காரர் மாவைப் பிசையத் தொடங்கினார்.

"மூக்கு மட்டும்தான் உங்களுக்கு உசிரா? நான் ஒருத்தி இல்லையா? மறுபடி உங்க பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணணுமா?" என்றாள் மனைவி.

மாவுக்குத்தான் கூடுதலாக நாலு குத்து விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த கொரோனா, பத்து நாள் அவரைப் படுக்கையில் போட்டுப் புரட்டிவிட்டு, போகும்போது வாசனை அறியும் சக்தியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. வேறு யாருக்காவது அப்படி ஆகியிருந்தால் குழம்பில் உப்பு உறைப்போடு சமாளித்துக்கொண்டிருப்பார்கள். இவரோ முப்பது வருடமாக மூக்கை வைத்தே ரொட்டி சுட்டவர். செங்கல் அடுப்பில் இன்றைக்கு இருக்கும் சூடு நாளைக்கு இருக்காது. வெந்துவிட்டதா என்பதை வாசனைதான் சொல்ல வேண்டும். மூக்கு போன முதல் வாரத்தில் ஒரு தட்டு கரியாகவும் ஒரு தட்டு களியாகவும் வந்தது.

அன்றிலிருந்து அவள்தான் அவருக்கு மூக்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவாள். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... இப்போ" என்பாள். அந்த 'இப்போ'வுக்காக ரொட்டியை வெளியே எடுக்கும் நீளத் துடுப்போடு அவர் காத்து நிற்பார். எதிர் மருந்துக்கடைக்காரர் அவளுக்கு 'இரவல் மூக்கு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார். வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் வார்த்தைக்காகக் காத்து நின்றது இந்த இரண்டு வருடம்தான்.

பூஸ்டர் விஷயத்தில் அவரிடம் தோற்காத ஆளே இல்லை. அவளுடைய அண்ணன் கோடு கோடாகப் படம் போட்ட காகிதத்தோடு வந்து ஒரு மணி நேரம் விளக்கினார். இரண்டாவது ஊசி போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று மருந்துக்கடைக்காரர் விரல் விட்டு எண்ணி, ஐம்பத்தெட்டு வயசு, சர்க்கரை வேறு, தள்ளிப்போடாதீர்கள் என்றார். பெரிய ஆர்டர் முடியட்டும் என்றார் ரொட்டிக்காரர். பிறகு அடுப்புப் பூச்சு வேலை முடியட்டும் என்றார். எல்லாம் முடிந்த பிறகுதான் இந்த 'என்ன மிச்சம் இருக்கு'.

அந்தச் சண்டை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் அவர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏதோ யோசனையிலேயே இருந்தார். செவ்வாய்க்கிழமை அவள் 'இப்போ' என்று வாயைத் திறப்பதற்குள் துடுப்பு அடுப்புக்குள் போய்விட்டது. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை கடையைச் சாத்தும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளையிலேர்ந்து நீ அடுப்படிக்கு வர வேண்டாம். படுத்துத் தூங்கு."

ஊசி போடச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று நினைத்தபடியே அவள் மாடி ஏறினாள். மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்தும் எழுந்திருக்காமல் கிடந்தாள். கீழே தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டாவது கருகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதை மறைப்பதற்கில்லை. ஒன்றும் கருகவில்லை. அடுப்புக்குச் சூடு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்று அண்ணன் அரித்துக்கொண்டிருந்தாரே, அதை வாங்கிவிட்டார் போலிருக்கிறது. ஒரு மீட்டர் வந்ததும் பெண்டாட்டி வேண்டாதவளாகிவிட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மாடிக்கு வந்தார்.

"கிளம்பு. ஊசி போட்டுட்டு வந்துடலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவைத் தாண்டுவதற்குள் மருந்துக்கடைக்காரர் தன் விரல் கணக்குதான் வேலை செய்தது என்று மார் தட்டிக்கொண்டார். போனில் அண்ணன், எல்லாம் தன் படத்தின் மகிமை என்றார். அவளை யாரும் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் பழைய தேதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க சார்? இப்போ மட்டும் என்ன அவசரம்?"

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "இத்தனை நாள் பறிகொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லைம்மா. இப்போ இருக்கு" என்றார் அவர்.

மீட்டர் வந்ததில் மனுஷனுக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். அவள் வேண்டுமென்றே ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அவர் எழுந்து வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். மீட்டர் வந்தாச்சு, என் வேலை போயாச்சு."

"எந்த மீட்டர்?" என்று அவர் விழித்தார். பிறகு அவள் தோள் பக்கமாகச் சாய்ந்து, ஒரு முறை மெதுவாக மூச்சை இழுத்தார்.

"சோப்பை எப்போ மாத்தின? பழைய சோப்போட வாசனைதான் உனக்கு நல்லா இருந்தது" என்றார்.

அந்தச் சோப்பை அவள் மாற்றி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.