பிரியம் பிடித்தவள்

மைக்கை ஃபெலிசித்தாஸ் பக்கம் நீட்டியபடி யொவானா கேட்டாள்: "அக்கா, நீங்க தொழில்முறைப் பாடகியா, இல்ல எங்கள மாதிரி அஃபிசியோனாதாவா?"

லீமாவின் பழைய குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும் பாட்டுச் சங்கம் அது. காசுக்குப் பாடுகிறவர்களுக்கு அங்கே மைக் கிடையாது. யொவானா சங்கத்தின் செயலாளர்.

ஃபெலிசித்தாஸ் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அஃபிசியோனாதாதான்" என்றாள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறவளைப் போல அவசரமாக மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா தங்கச்சி?" என்றார் கிதாரைத் தொடையில் ஏற்றிக்கொண்டிருந்த எர்மோகெனஸ். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; வாய் சும்மா இருக்காது. "அதுக்கு அடியில இருக்கிறது பிரியம். பேய் பிடிச்சவன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி பிரியம் பிடிச்சவன். நாம பாட்டப் பிடிக்கல, பாட்டுதான் நம்மளப் பிடிச்சிருக்கு. இதுக்கு வைத்தியமும் கிடையாது, சம்பளமும் கிடையாது."

"உனக்குக் குரலும் கிடையாது" என்றது பக்கத்து மேசை.

சிரிப்பு அடங்குவதற்குள் கிதார் தொடங்கிவிட்டது. அவள் பாடினாள்.

முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவதும்.

உச்சத்துக்கு ஏறும் இடத்தில் குரல் கிழிந்து வெறும் காற்றாக வெளியேறியது.

இத்தனை வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த நொடி அதுதான். கண்களை மூடிக்கொண்டாள்.

தாளம் நிற்கவில்லை. முற்றம் முழுவதும் சேர்ந்து அந்த அடியைப் பாடியது, ஆளுக்கொரு சுருதியில், பாதிப் பேர் வார்த்தையைத் தப்பாக. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடும் வண்டியில் தொற்றிக்கொள்வதைப் போல அடுத்த அடியில் சேர்ந்துகொண்டாள்.

பாட்டு முடிந்ததும் யாரோ ஒரு கோப்பை பிஸ்கோ சாராயத்தை அவள் கையில் திணித்தார்கள். யாரோ சுட்ட கறி கொண்டுவந்தார்கள். மதியம் ஒரு வாய்கூட இறங்காதவள், கை நிறைய எடுத்துச் சாப்பிட்டாள்.

"அடுத்த ஞாயிறு சீக்கிரம் வந்துருங்கக்கா. நாற்காலி கிடைக்காது" என்றாள் யொவானா. பாராட்டு அவ்வளவுதான். ஃபெலிசித்தாஸுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

திரும்பும் பேருந்தில், தூறல் வழியும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உடம்பே லேசாகிவிட்டிருந்தது.

அந்தப் பாட்டு அவள் குரலில்தான் இந்த ஊர் வானொலிகளில் வருஷக்கணக்காக ஒலித்தது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு அவள் எங்கேயும் வாய் திறக்கவில்லை. நல்லவேளை, இன்று ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

பாலத்தைத் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

என்ன பாட்டுப் பாடப் போகிறீர்கள் என்று அங்கே யாருமே கேட்கவில்லை. எர்மோகெனஸ் தானாகத்தான் அந்தப் பாட்டை எடுத்தார், இசைத்தட்டில் இருப்பதைவிட இரண்டு கட்டை இறக்கி.