லாரிக்கு முன்னால் ஒரு கோடு

சிக்னல் சிவப்பானது. சங்கிலிமுத்து லோடு லாரியைத் தாண்டி முன்னால் வந்து, புதிதாகப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தினார்.

ஓரத்தில் போனோடு நின்ற மகள் ரோஜாவைப் பார்த்துச் சிரித்தார்.

“லாரிக்காரன் பின்னால நிக்கான், நான் முன்னால நிக்கேன். எம்புட்டு மரியாதை பாத்தியா தாயி.”

சைக்கிள்காரர்களுக்கென்று தனியாக ஒரு கோடு. மற்ற வண்டிகள் அதற்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும்.

போன வருஷம் இதே முக்கில் இடதுபக்கம் திரும்பிய லாரி அவரை உரசித் தள்ளியது. ஓட்டியவன் கண்ணில் அவர் படவே இல்லை. அன்றிலிருந்து இப்படி ஒரு கோடு கேட்டு ரோஜா மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அச்சு பிரஸ்ஸில் வேலை முடிந்ததும் நேரே மாநகராட்சி ஆபீஸ் படியேறுவாள். போன வாரம்தான் பெயின்ட் அடித்தார்கள்.

இன்று அதை வரைபடத்தில் ஏற்ற வந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் இருக்கும் வரைபடம் அது. சிவகாசித் தெருக்கள் பலவற்றை அவள்தான் அதில் வரைந்திருந்தாள். சைக்கிள் நிற்கும் கோடு மட்டும் இந்த வட்டாரத்தில் இதுவரை எங்கேயும் இருந்ததில்லை.

பச்சை விழுந்தது. அப்பா முதல் ஆளாகக் கிளம்பினார். லாரி பொறுமையாகப் பின்னால் போனது. அவர் மறையும்வரை பார்த்துவிட்டு, போன் வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கான முதல் புள்ளியை வைத்தாள்.

சிக்னலின் மற்ற மூன்று பக்கக் கோடுகளுக்கும் நடந்து, படம் எடுத்து, இடம் சரிபார்த்துக் குறித்தாள். கடைசிக் கோட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

வெடிச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

கோட்டில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் புகை எழுந்தது.

அப்பாவுக்கு அங்கேதான் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்த அறைக்காக அவள் எங்கே போய் மனுக் கொடுப்பது? ரோட்டிலாவது அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

சிவப்பு மாறவில்லை. சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டிப் புகையைப் பார்த்துப் போயின.

ரோஜா அப்பா நம்பருக்கு அடித்தாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தும் அடித்தாள். வாட்ச்மேன் எடுத்தார்.

“சைக்கிள் இங்கனதான் நிக்குது தாயி. சாப்பாட்டு வாளியும் அதுலதான் தொங்குது.”

ரோஜா கோட்டைத் தாண்டிப் புகையைப் பார்த்து ஓடினாள்.