செம்பியின் வாய்

"ரெண்டும் நடுக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டே நிக்குதே, ஒரே தொட்டியில விட்டுடலாமா?" என்று மீன் வாங்க வந்த பெண் கடைக்காரரிடம் கேட்டது, தங்கமீன் செம்பியின் காதில் விழுந்தது.

பக்கத்துத் தொட்டியிலிருந்த குட்டிக் கப்பி மீன் சிட்டு துள்ளியது. "அக்கா, இனிமே நடுவுல கண்ணாடியே கிடையாது!"

செம்பிக்கும் ஆசைதான். ஆனால் காலையில் விழுந்த தீனி ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் சிட்டு அளவு இருந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் விழுங்கியாகிவிட்டது.

"பசி வந்தா எனக்கு ஆள் தெரியாதுடி."

"போக்கா, நீயாவது என்னைத் தின்கிறதாவது!"

செம்பி கண்ணாடியருகே வந்து வாயை முழுசாகத் திறந்து காட்டியது. சிட்டு சட்டென்று பின்வாங்கியது. அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

"அம்மாடி, அந்த வாய்க்கு இது ஒரு கவளத்துக்குக் காணாது! ரெண்டு தொட்டியாவே குடுங்க. தங்கமீனுக்குப் பெரிசு, குட்டிக்குச் சின்னது."

அவள் வீட்டு ஜன்னலோரம் இரண்டு தொட்டிகளும் இடைவெளியில்லாமல் அமர்ந்தன. நாள் முழுக்க இரண்டுக்கும் ஓயாத பேச்சு. சாயங்காலம் தீனி விழுந்ததும், செம்பி சிட்டுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு சாப்பிட்டது.