நனைந்த நாற்காலிகள்

அரங்கத்தின் ஃபால்ஸ் சீலிங் நடுவில் பிய்ந்து தொங்குகிறது. மதியம் பெய்த மழைத் தண்ணீர் அதிலிருந்து நாற்காலிகள் மேல் சொட்டிக்கொண்டே இருக்க, மாலை வெயில் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஜன்னல் வழியே வந்து ஈரத்தரையில் மினுங்குகிறது. விடிந்தால் வட்டார மொழி ஆசிரியர் மாநாடு. பள்ளிகளில் மொழிப்பாட நேரத்தைப் பாதியாக வெட்டப்போகிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஒரே அதிகாரி நாளைக்குத்தான் வருகிறார். ஏற்பாடு முழுவதையும் தலையில் போட்டுக்கொண்ட டீச்சர் மேடையோரம் நிற்கிறாள். ஊரில் ஒரு மண்டபம் பாக்கியில்லாமல் கேட்டாயிற்று. எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். "உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரும்மா. பூட்டணும்," என்கிறார் காவலாளி. சாவிக்கொத்து குலுங்கினால் அவளுக்கு வலிக்கும் என்பதுபோல் அதை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

ஏணியில் நிற்கும் ஓவிய ஆசிரியர் பாதி கட்டிய பேனரோடு திரும்புகிறார். "கட்டவா, அவிழ்க்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க டீச்சர்." பதில் சொல்ல வாயெடுக்கும்போது போன் அடிக்கிறது. மலைப்பக்கத்துப் பள்ளி ஆசிரியை. பின்னால் ரயில் சத்தமும் கூட்டமாகச் சிரிக்கும் சத்தமும். "அக்கா, நாங்க எல்லாரும் ஏறிட்டோம். நாளைக்கு ஒரு கை பாத்துரலாம். அங்க எல்லாம் ரெடிதானே?" சீலிங்கிலிருந்து இன்னொரு துண்டு மேடைமேல் பொத்தென்று விழுகிறது. 'வர வேண்டாம்னு சொல்லிடுங்க' என்பதுபோல் ஓவிய ஆசிரியர் தலையை அசைக்கிறார். "பத்திரமா வாங்கம்மா. எல்லாம் ரெடி," என்கிறாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இருவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.