அகல டயர்

"இந்த ரிம்முக்கு நூத்தி அறுபத்தஞ்சு அகல டயர்தான் தம்பி. அதுக்கு மேல போட்டா திரும்பும்போது மட்கார்டுல உரசும்" என்றார் திண்டிவனம் டயர் கடைக்காரர் முருகையன்.

மினி லாரியில் ஏற்றி வந்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஸ்டீபன்ராஜ் தடவிப் பார்த்தான்.

"இருநூத்தஞ்சே போடுங்கண்ணே. ரோட்டைக் கெட்டியா புடிச்சிக்கினு போவணும். ஞாயித்துக்கெழம ஊரே பார்க்கும்."

"ரேஸா?"

"இல்லண்ணே. ஆனா வண்டி ஆடவே கூடாது. வர்றவங்க அப்படி."

"எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான்."

"எவ்ளோ ஸ்பீடு போவே?"

"நடக்குற வேகம்தாண்ணே."

முருகையனுக்குச் சந்தேகம் வந்தது. பானெட்டைத் திறந்தார். உள்ளே என்ஜின் இல்லை.

"கழட்டிட்டோம்ணே. கயிறு கட்டி இழுக்கப்போறோம். இந்த வருஷம் மாதா கோயில் தேர் இதுதான். டிராக்டர் புகை வேணாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு."

முருகையன் பானெட்டை மெதுவாக மூடினார்.

"அப்போ நூத்தி அறுபத்தஞ்சேதான். அகலமா போட்டா இழுக்குறவங்க கை கழண்டுடும்."

"சரிண்ணே."

"பிரேக்கையும் நானே பார்த்துடறேன், காசு வேணாம். போன வருஷம் மாதா எங்க வாசல்ல நிக்காமயே போயிட்டாங்க. எங்க வீட்டம்மா மாலையை வெச்சிக்கினு நின்னதுதான் மிச்சம்."