பக்கத்துக் கோட்டை

வடக்கு வாசல் உடைந்து விழுந்தது. முட்டுக் கொடுத்து நின்ற காவலர்களை மிதித்துக்கொண்டே யானை உள்ளே நுழைந்தது.

லேத் பட்டறைக்காரர் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனார். வேலையாட்கள் கிளம்பிவிட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரும்புச் சுருள்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

எரிவது அவருடைய கோட்டை அல்ல. பக்கத்துக் கோட்டை. வெட்டுக்கிளி என்ற பெயரில் ஆடுகிறவனுடையது.

போன வருடம் இதே கோட்டையை அவரே எத்தனையோ தடவை கொளுத்தியிருக்கிறார். தானியக் கிடங்குக்குத் தீ வைத்து, தப்பி ஓடியவர்களைக் குதிரைப்படையை விட்டு வெட்டியிருக்கிறார். கொள்ளைப் பொருள் எதையும் தொட்டதில்லை. அழிந்தால் போதும்.

வெட்டுக்கிளி ஒருநாளும் பழிவாங்க வரவில்லை. மறுநாளே சுவர் எழுப்ப ஆரம்பித்துவிடுவான். கடைசியில் கொளுத்துகிறவருக்கே கை சலித்துப்போனது. அந்தச் சமயத்தில்தான் அவன் கூட்டணிக்கு அழைத்தான். இவரும் சம்மதித்துவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

“அண்ணே, தெற்கேயும் ஏறிட்டானுங்க!” காதுக்குள் அவன் குரல் பதறியது.

இந்த விளையாட்டில் அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

எரிநெய்க் குடம், போர் முரசு, உயிர்மூலிகை. பாழடைந்த நகரங்களில் மாதக்கணக்காகத் தோண்டிச் சேர்த்த அரிய பொருள்கள். ஒரே ஒருமுறைதான் உதவும். அப்புறம் போனது போனதுதான். தன் கோட்டை தள்ளாடியபோதுகூட அவர் இவற்றை எடுத்ததில்லை. கூட்டணியில் அவருக்குப் பெயரே கஞ்சன்.

எரிநெய்க் குடத்தை அமுக்கினார். தீப்பிடித்த யானை பிளிறித் திரும்பி, தன் படையையே நசுக்கிக்கொண்டு ஓடியது.

முரசை முழக்கினார். சிதறி ஓடிய வெட்டுக்கிளியின் ஆட்கள் திரும்பி நின்றார்கள். வாள் இல்லாதவன் கல்லை எடுத்தான். படிக்கட்டெல்லாம் ரத்தத்தில் வழுக்கியது.

அப்போது வெட்டுக்கிளியின் அரசன் கழுத்தில் அம்பு பாய்ந்தது.

அதே நேரம் அவருடைய சொந்தக் கோட்டையிலும் ஏணிகளைச் சாத்திவிட்டார்கள். அவருடைய அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான்.

உயிர்மூலிகை ஒன்றுதான் இருந்தது.

அதைப் பக்கத்துக் கோட்டைக்கு அனுப்பினார்.

தன் அரசனின் தலை ஈட்டி முனையில் ஏறுவதை இமைக்காமல் பார்த்தார். பக்கத்துக் கோட்டையில் எதிரிப்படை பின்வாங்கிக்கொண்டிருந்தது.

காதில் வெட்டுக்கிளியின் குரல் மெதுவாக வந்தது.

“எனக்காக எதுக்கு மாமா இதெல்லாம்?”

அவருடைய விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

மகளைக் கூட்டிக்கொண்டு போனவனை வெட்டிப் போடுவேன் என்று அன்று அரிவாளோடு கிளம்பியவரை நாலு பேர் மடக்கி உட்காரவைத்தார்கள். தெருவில் வெட்ட முடியாதவனை வெட்டத்தான், அவன் ஆடும் இடத்தைத் துருவிக் கண்டுபிடித்து, பொய்ப்பெயரில் இங்கே நுழைந்தார். தான் யாரென்று அவனுக்குத் தெரியாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அந்தப் பக்கம் கதவு திறந்தது. பை ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது.

“யாருகிட்ட பேசிட்டிருக்கே?”

களைத்த குரல். ஆனாலும் மகளுடைய அதே குரல்.

“சும்மா... கூட விளையாடுறவரு.”

அவர் காதுக்கருவியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“நல்லா விளையாடினீங்க போ,” என்றாள் அவள். “பொழுது போயிடுச்சு. அந்த மனுசனைப் போய்ச் சாப்பிடச் சொல்லு.”