கர்னல் கடந்த பாலம்

கான்சாஸ் வெயில் அச்சகத்தின் தூசி படிந்த சன்னல் வழியே ஈய எழுத்துகளின் மேல் விழுகிறது. பத்திரிகை முதலாளி கர்னல் ஓரன் பிட்கின் கையில் சவரக் கண்ணாடியோடு நிற்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளாகியும் ராணுவச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் அவர் வயிற்றோடு போராடிக்கொண்டிருக்கின்றன. ஆறு ஆண்டுகளாகப் பத்திரிகை நடத்துகிறார். இடவலம் மாறிக் கிடக்கும் அச்செழுத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் படிக்க மட்டும் அவருக்கு வராது. அச்சுக் கோக்கும் டொபியாஸ் கிரெல் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன். அவன் தம் படைப்பிரிவில் இருந்தவன் என்பது கர்னலுக்கு இன்று காலைதான் தெரிந்தது. இப்போது அவன் கோப்பதோ, வரும் தேர்தலுக்காகக் கர்னல் எழுதிய வீரக் கதை: குண்டு மழையில் தன்னந்தனியாகப் பாலத்தைக் கடந்தாராம். கோத்துக்கொண்டே கிரெல் சிரிக்கிறான்.

"எதையோ மாத்திட்டே, இல்ல?"

"நீங்க எழுதினது அப்படியே இருக்கு கர்னல். ஒரு கமாகூட தள்ளல."

கர்னல் கண்ணாடியைச் சாய்த்து வரிவரியாக மோப்பம் பிடிக்கிறார். எல்லாம் எழுதியபடியே இருக்கிறது. அதனால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

"பின்னே எதுக்குய்யா சிரிச்சே?"

கிரெல் புகையிலையைத் துப்புகிறான். "ஒண்ணுமில்லீங்க. சண்டை முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு அந்தப் பாலத்தைக் கட்டினதே நாங்கதான். கட்டின எட்டு பேரும் இந்த ஊர்லதான் இருக்கோம். எட்டு ஓட்டு."

கர்னல் கண்ணாடியை மெல்லக் கவிழ்த்து வைக்கிறார். "பாலத்தை எடுத்துடு."

"எடுத்துடலாம். அப்புறம் எப்படிக் கடந்தீங்க?"

கர்னலின் விரல் ஈய வரிகளின் மேல் அந்தச் சொல்லைத் தடவித் தடவித் தேடுகிறது. பாலம் எங்கே இருக்கிறதென்று அவருக்கு இன்றும் தெரியவில்லை.